1,400 குதிரைகளும் ஒரு புல்லுக்கட்டும்

செத்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினால் போதும், உயிருள்ள குதிரைக்கு என்ன விலையோ அதே விலை கிடைக்கும். விஜயநகரத்தைச் சாளுவ நரசிம்மர் ஆண்ட காலத்தில், அதாவது 1480களின் பிற்பகுதியில், இப்படி ஒரு வழக்கம் இருந்தது என்கிறார் ஃபெர்னாவ் நூனிஸ். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் வந்த குதிரைகளுக்கு, மூன்று குதிரைக்கு 1000 பர்தாவ் பொன் என்று கணக்கு. வழியில், கடலில் செத்துப்போனால் வாலை மட்டும் அறுத்து எடுத்துவந்தால் சரி. நூனிஸ் இதை எழுதியது அரை நூற்றாண்டு கழித்து. அவரே குதிரை வியாபாரத்துக்காக வந்த போர்ச்சுகீசியர். அதனால், "அந்தக் காலத்து ராஜாக்கள் மாதிரி வருமா" என்கிற பெருமூச்சும் இதில் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

இந்த வால் கணக்கு நரசிம்மர் திடீரென்று கண்டுபிடித்தது அல்ல. அதற்கு 200 வருடம் முன்பே பாண்டிய நாட்டில் இதே மாதிரி ஒப்பந்தம் இருந்தது. ஷிராஸ் நகரத்துக்காரரான வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் அதை எண்களோடு எழுதிவைத்திருக்கிறார். பாரசீக வளைகுடாவில் உள்ள கீஷ் தீவிலிருந்து ஜமாலுதீன் இப்ராஹிம் என்ற பெருவணிகர் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை மாபாருக்கு, அதாவது நம் பாண்டியக் கரைக்கு, அனுப்பவேண்டும். ஒரு குதிரைக்கு 220 பொன் தினார். வழியில் அடிபட்டாலும் செத்தாலும் பணம் அரசன் தலையில். அந்தப் பகுதித் துறைமுகங்களிலிருந்து மாபார், கம்பாயத் முதலிய இடங்களுக்கு மொத்தமாக ஆண்டுக்கு 10,000 குதிரைகள் போயினவாம். பெருக்கிப் பாருங்கள், 22 லட்சம் தினார். பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் வஸ்ஸாஃப் விடவில்லை: கோயில் நிலங்களின் வருமானத்தில் மிஞ்சியதும், கோயில்களைச் சார்ந்த கணிகையரிடம் வாங்கிய வரியும்.

இதே காலத்தில், 1290களில், மார்க்கோ போலோ இந்தக் கரை வழியாகப் போனார். அவர் சொல்வதும் ஏறக்குறைய இதுதான், ஆனால் இன்னும் கசப்பாக. இங்குள்ள அரசன் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அப்படியே வாங்குகிறார்கள், வருட முடிவில் 100 குதிரைகூட மிஞ்சுவதில்லை. காரணம், இவர்களுக்குக் குதிரையைப் பராமரிக்கத் தெரியாது. குதிரை வைத்தியன் இங்கே கிடையாது. வைத்தியன் யாரும் இங்கே வந்துவிடாதபடி வியாபாரிகளே பார்த்துக்கொள்கிறார்கள், குதிரை செத்தால்தானே அடுத்த வருடம் விற்க முடியும்.

தாமிரபரணி கடலில் சேருமிடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழையகாயல்தான் போலோ குறிப்பிடும் காயல் துறைமுகம் என்பது பொதுவான கருத்து. கடல் பின்வாங்கிப் போய்விட்டது. மேற்கிலிருந்து குதிரை ஏற்றி வரும் கப்பல்கள் எல்லாம் இங்கேதான் நின்றன என்கிறார் அவர். உண்மையில் இது புதுச்சரக்கும் அல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழி வந்து இறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேலாகக் குதிரை வந்துகொண்டே இருந்தது. வந்தது நிற்கவில்லை என்றால், நின்றது பிழைக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

ஏன் பிழைக்கவில்லை?

எங்கள் தொழிலில் ஒரு சர்வர் படுத்துவிட்டால், யார் தப்பு என்று கேட்பதற்கு முன்னால் லாகைப் படி என்பார்கள். போலோவும் வஸ்ஸாஃபும் விட்டுப்போனதை அப்படித்தான் படிக்கத் தோன்றுகிறது. இருவருமே குற்றவாளியை முடிவு செய்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள்: அறியாத உள்ளூர்க்காரன். அந்த முடிவை எடுத்துவிட்டு, அவர்கள் பதிவு செய்த விவரங்களை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன கிடைக்கிறது?

போலோ: குதிரைக்கு வேகவைத்த சோறும் கறியும் கொடுக்கிறார்கள். வஸ்ஸாஃப்: பச்சை வாற்கோதுமை கொடுப்பதற்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையும், வெண்ணெய் சேர்த்த தானியமும், குடிக்கக் காய்ச்சிய பசும்பாலும் கொடுக்கிறார்கள். 40 நாள் லாயத்தில் முளை அடித்துக் கயிற்றால் கட்டிக் கொழுக்க வைக்கிறார்கள். பிறகு எந்தப் பயிற்சியும் இல்லாமல், அங்கவடிகூட இல்லாமல், பேய் மாதிரி ஓட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் காற்றாய்ப் பறந்த குதிரை மந்தமாகி ஒன்றுக்கும் உதவாமல் போகிறது. இதில் வஸ்ஸாஃபுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கிழக்குக்கு மேற்கும் மேற்குக்குக் கிழக்கும் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்பது இறைவன் ஏற்பாடு என்று எழுதி முடித்துவிடுகிறார். வியாபாரத்துக்கு இவ்வளவு வசதியான இறையியல் கிடைப்பது அபூர்வம்.

சோறும் கறியும் நமக்கே விசித்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே போலோ, அரபுக் கரையில் ஷிஹ்ர் துறைமுகத்தைப் பற்றி எழுதும்போது, அங்கே புல்லே முளைக்காது, குதிரை, மாடு, ஒட்டகம் எல்லாம் சின்ன மீன்களைத் தின்றே வாழ்கின்றன என்கிறார். அதில் கேலி இல்லை, வியப்பு மட்டும்தான். பாண்டியனுக்குக் குதிரை போன துறைமுகங்களில் ஒன்று ஷிஹ்ர் என்றும் அவரே சொல்கிறார். அதாவது கருவாடு தின்று வளர்ந்த குதிரை, ஹோர்முஸ் மாதிரி இடங்களில் சரக்கு மூட்டைகளின்மேல் தோலைப் போர்த்தி அதன்மேல் நிற்க வைக்கப்பட்டு, கடலில் ஆடி ஆடி வந்து, காயலில் இறங்கியதும் நெய்ச்சோறு தின்கிறது. கருவாடு சாப்பிட்டபோது பிழைத்திருந்தது. நெய்ச்சோறு சாப்பிட்டுச் செத்தது. அப்படியானால் சிக்கல் வெறும் "குதிரைக்கு ஒவ்வாத உணவு" என்பது மட்டும் இல்லை.

இது பாண்டிய நாட்டு வழக்கம் மட்டுமும் அல்ல. 1470 வாக்கில் த்வேர் நகரத்து ரஷ்ய வணிகர் அஃபனாசி நிகிதின் 100 ரூபிள் பெறுமான ஒரே ஒரு ஆண்குதிரையோடு ஹோர்முஸ் வழியாக செளல் துறைமுகத்தில் வந்து இறங்கினார். இந்தியாவில் குதிரை பிறப்பதில்லை, நல்ல லாபம் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஜுன்னாரில் அங்கிருந்த கான் குதிரையைப் பிடுங்கிக்கொண்டது, பிறகு திரும்பக் கிடைத்தது என்று அது ஒரு தனிக் கதை. பாமினி ராஜ்ஜியத்தில் குதிரைகளுக்குப் பயறும், சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்து வேகவைத்த கிச்சடியும் கொடுப்பதை அவர் எழுதிவைத்திருக்கிறார். தக்காணத்தில் கிச்சடி, பாண்டிய நாட்டில் நெய்ச்சோறு. நூற்றுக்கணக்கான பொன் கொடுத்து வாங்கிய உயிருக்கு, வீட்டில் எது உசத்தியோ அதைக் கொடுத்திருக்கிறார்கள். விருந்தாளிக்கு இலை போடுகிற மனசு அது. அலட்சியம் என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி குதிரையின் வயிற்றுக்குள் போகவேண்டும்.

குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்கு ரொம்பச் சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான். தின்றதை வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. இரைப்பையின் வாய்த்தசை அவ்வளவு இறுக்கம். மாடு தின்ற புல்லை முன்வயிற்றில் ஊறவைத்து அசைபோடும். குதிரை அந்த வேலையைக் கடைசியில் வைத்திருக்கிறது. சிறுகுடலைத் தாண்டிய பிறகு குருட்டுக்குடல், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம், 30 லிட்டர் பிடிக்கும் ஒரு பை. நமக்குக் குடல்வால் தொங்குகிற இடம்தான், குதிரைக்கு அது ஒரு தொட்டி. அதையடுத்துப் பெருங்குடல். இரண்டும் சேர்ந்து 100 லிட்டருக்கு மேல். அங்கே கோடானுகோடி நுண்ணுயிரிகள் புல்லின் நாரை நொதிக்க வைத்து, கொழுப்பு அமிலங்களாக மாற்றித் தருகின்றன. குதிரை ஓடுவது பெரும்பாலும் அந்த எரிபொருளில்தான். குதிரையால் சொந்தமாக ஒரு இழை நாரைக்கூடச் செரிக்க முடியாது. கடிவாளம் போட்டு நாம் ஓட்டுகிற மிருகம், உண்மையில் உள்ளே குடியிருப்பவர்களின் உழைப்பில் வாழ்கிறது.

இது தெரியவந்த கதை ரொம்பப் பழையதல்ல. உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை க்ளோத் பூர்ழலா பிரான்ஸின் லியோன் நகரில் தொடங்கியது 1761இல். குதிரையின் எலும்பும் தசையும் லாடமும் அங்கே கரைத்துக் குடிக்கப்பட்டன. குடலுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க இன்னும் 80 வருடம் ஆனது. 1843இல் க்ரூபியும் டெலஃபோனும் மாட்டின் வயிற்றிலும் குதிரையின் பெருங்குடலிலும் நுண்ணோக்கியில் நீந்தும் சின்னஞ்சிறு உயிர்களைக் கண்டு எழுதினார்கள். சுந்தரபாண்டியன் காலத்தில் இதை யாராலும் அறிந்திருக்க முடியாது. காயலிலும் முடியாது, கீஷிலும் முடியாது, வெனிஸிலும் முடியாது.

இந்த அமைப்பு எப்படி உடையும்? சோறு, வாற்கோதுமை, பயறு எல்லாவற்றிலும் மாச்சத்து நிறைய. அது சிறுகுடலிலேயே செரித்துவிடவேண்டும். ஒரே வேளையில் நிறையக் கொட்டினால் செரிக்காத மாச்சத்து வழிந்து குருட்டுக்குடலில் போய் விழும். அங்கே மாச்சத்தை விரும்பும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் பல்கிப் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கக்கும். புளிப்பு ஏறியதும் நாரைச் செரிக்கும் கூட்டம் சாகும். செத்த பாக்டீரியாக்களின் உடைந்த சுவர்களிலிருந்து வெளிவரும் நஞ்சு ரத்தத்தில் கலக்கும். அதன்பிறகு சூலை, தரையில் விழுந்து புரளும், தன் விலாவையே திரும்பித் திரும்பிப் பார்க்கும். அல்லது நஞ்சு குளம்பைத் தாக்கும். குளம்புக்கும் உள்ளெலும்புக்கும் இடையிலான பிடிப்பு வீங்கித் தளர்ந்து, குதிரை நிற்கவே முடியாமல் போகும். வயிற்றில் தொடங்கி காலில் முடிகிற நோய். 700 வருடம் முன்பு லாயத்தில் நின்று பார்த்த ஒருவனுக்கு இந்த இரண்டையும் முடிச்சுப் போட வழியே இல்லை.

இப்போது வஸ்ஸாஃபின் குற்றப்பத்திரிகையை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். வறுத்த வாற்கோதுமை என்று அவர் சிரிக்கிறாரே, அது சரியான வேலை. வாற்கோதுமையின் மாச்சத்து பச்சையாகப் போனால் சிறுகுடலில் சரியாக உடையாது. சூடு பட்டால் உடையும், பெருங்குடலுக்கு வழிவது குறையும். இன்றைய குதிரைத் தீவன ஆலைகள் வாற்கோதுமையை ஆவியில் வேகவைத்தும் பொரித்தும்தான் விற்கின்றன. வெண்ணெய்? குதிரைக்குப் பித்தப்பை கிடையாது, ஆனாலும் பித்தம் சதா சுரந்துகொண்டே இருக்கும்; மெல்லப் பழக்கினால் கொழுப்பை நன்றாகவே செரிக்கும். இன்று பந்தயக் குதிரைக்குத் தானியத்தைக் குறைத்து எண்ணெய் சேர்க்கச் சொல்கிறார்கள். பால் கொஞ்சம் இடிக்கிறது. மூன்று வயது தாண்டிய குதிரைக்குப் பால்சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும், மிச்சம் பெருங்குடலில் புளிக்கும். ஆனால் பெதூயின்கள் தங்கள் குதிரைக்கு ஒட்டகப்பால் கொடுத்துப் பழக்கியவர்கள். மறுபடியும் அதே இடத்துக்கு வருகிறோம்: பழக்கம்.

உள்ளே இருக்கும் கூட்டம் தின்னக் கிடைப்பதற்கு ஏற்ப அமைகிறது. உணவை மாற்றினால் அந்தக் கூட்டமும் மாறவேண்டும், அதற்கு நாளாகும். 10 முதல் 14 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள் என்று இன்று எந்தக் கால்நடை மருத்துவரும் சொல்வார். கப்பலிலிருந்து இறங்கிய குதிரைக்கு அந்த 14 நாளை யார் கொடுத்திருப்பார்கள்? கடல் பயணத்தில் அரைப்பட்டினி, அதன்மேல் ஒரே நாளில் விருந்து.

என்னை அதிகம் தொந்தரவு செய்வது அந்த 40 நாள் கட்டிப்போட்டதுதான். ஐரோப்பாவில் வண்டிக்குதிரைகளுக்கு "திங்கட்கிழமை நோய்" என்று ஒன்று சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, தானியம் மட்டும் முழு அளவு. திங்கள் காலை வண்டியில் பூட்டியதும் கொஞ்ச தூரத்தில் தொடைத்தசைகள் கட்டையாக இறுகி, சிறுநீர் கறுத்து, குதிரை அப்படியே நின்றுவிடும். ஒரு நாள் ஓய்வுக்கே இப்படி. 40 நாள் நெய்யும் தானியமும் தின்று முளையில் நின்ற குதிரையை 41ஆம் நாள் பேய் மாதிரி ஓட்டினால்? வஸ்ஸாஃப் எழுதும் அந்த "மந்தமாகி ஒன்றுக்கும் உதவாமல் போவது" இப்போது மருத்துவக் குறிப்பு மாதிரியே படிக்கிறது.

எல்லாச் சாவையும் தீவனத்தின் மேல் போடவும் முடியாது. 1880இல் தேரா இஸ்மாயில் கானில் க்ரிஃபித் எவன்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர் குதிரைகளின் ரத்தத்தில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் சர்ரா நோய்க்கு அதுதான் காரணம். குதிரையை இளைக்க வைத்துக் கொல்லும். பாண்டிய லாயங்களிலும் இது இருந்திருக்கக்கூடும். வெயில், ஈ, லாடமடிக்கத் தெரியாதது, எல்லாமே சேர்ந்திருக்கும். ஆனால் போலோவும் வஸ்ஸாஃபும் கண்ணால் காணக்கூடிய ஒரே தப்பு என்று தொட்டியில் இருந்ததைக் காட்டினார்கள். தொட்டியில் இல்லாததை இருவருமே எழுதவில்லை.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவழித்துவிட, சிவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிவந்தார் என்பது நாம் எல்லாரும் அறிந்த கதை. இன்றும் ஆவணி மூலத் திருவிழாவில் அந்த லீலை உண்டு. ராத்திரி அவை மறுபடி நரியாகி, லாயத்தில் ஏற்கெனவே நின்ற குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின என்கிற பகுதியை நாம் கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். சாயங்காலம் பளபளவென்று நின்ற, கோயில் பணத்துக்கு ஈடான குதிரைகள் விடியும்போது செத்துக் கிடக்கின்றன. குதிரை வாங்கி வாங்கித் தோற்ற ஒரு நாட்டில் இந்தக் கதை எப்படி ஒலித்திருக்கும்? இது என் ஊகம்தான். ஆனால் கடுமையான சூலை வந்த குதிரை ஒரே ராத்திரியில் போய்விடக்கூடும்.

இதெல்லாம் எனக்கு எங்கிருந்து பிடித்துக்கொண்டது என்றால், கூட வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற பெண்குதிரை ஒன்றை வாங்கினான். சில மாதமாக அதன் லத்தி தண்ணீர் மாதிரி போகிறது. ஒரு நாள் வாட்ஸப்பில் மூன்று டப்பாக்களின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பி, "மச்சி, மூணுல எது? நீதான் எல்லாத்தையும் படிக்கிறியே" என்று கேட்டான். மூன்றுமே குதிரைக்கான ப்ரோபயாடிக் பொடி. மூன்றிலும் தாவும் குதிரையின் படம், மூன்றிலும் கோடிக்கணக்கில் எண்கள்.

நல்ல நுண்ணுயிரியை வாய்வழியாகக் கொடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு நாம் எலி மெச்னிகாஃபுக்கு நன்றி சொல்லவேண்டும். புளித்த பால் குடிக்கும் பல்கேரியக் குடியானவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள், லாக்டிக் அமிலம் குடலைக் காக்கிறது என்று 1907இல் அவர் எழுதினார். ப்ரோபயாடிக் என்ற சொல் 1965இல் வேறொரு பொருளில் வந்து, 1974இல் கால்நடைத் தீவனத்தோடு ஒட்டிக்கொண்டது. மனிதனுக்குத் தயிரில் பிறந்த யோசனை குதிரைக்கும் போனது. ஆனால் மேலே பார்த்தோமே, குதிரையின் பெருங்குடலில் அளவு மீறிய லாக்டிக் அமிலம்தான் வில்லன். நெய்ச்சோறு கொடுத்த பாண்டியனும் "நமக்கு நல்லதுதானே" என்றுதான் தொடங்கினான்.

ஒரு சின்னக் கணக்கு. குதிரையின் பெருங்குடலில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 கோடி பாக்டீரியா என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். 100 லிட்டருக்கு அது கோடியைக் கோடியால் பெருக்கிய எண். ஒரு வேளைப் பொடியில் 1,000 கோடி உயிர் இருப்பதாக லேபிள் சொன்னால், 10,000 பேர் வாழும் ஊருக்கு ஒரே ஒருவர் குடிவருகிறார் என்று அர்த்தம். அவரும் இரைப்பை அமிலத்தைத் தாண்டி உயிரோடு வந்தால்.

அதனால் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஈஸ்டுக்கு ஓரளவு சாட்சி இருக்கிறது. மாச்சத்து அதிகமான தீவனம் தின்ற குதிரைகளுக்கு உயிருள்ள ஈஸ்ட் கொடுத்தபோது பெருங்குடலில் புளிப்பு ஏறுவது மட்டுப்பட்டது என்று 2002இல் ஒரு பிரெஞ்சு ஆய்வுக் குழு காட்டியது. ஈஸ்ட் அங்கே தங்காது, வழிப்போக்கன்தான்; தினமும் கொடுத்தால்தான் பலன். மறுபக்கம், கனடாவில் ஆரோக்கியமான குதிரையின் குடலிலிருந்தே எடுத்து, அமிலத்தைத் தாங்கும் என்று சோதித்துத் தேர்ந்த ஒரு லாக்டோபேசில்லஸை, பிறந்த குட்டிகளுக்குப் பேதி வராமல் தடுக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வந்தது: மருந்து தின்ற குட்டிகளுக்குத்தான் பேதி அதிகம். நல்ல பாக்டீரியா என்றால் கெடுதல் இல்லை என்பவர்களுக்கு நான் இந்த ஆய்வைத்தான் சொல்வேன். கடையில் விற்கும் பொடிகளை வாங்கிச் சோதித்தபோது பலவற்றில் லேபிளில் சொன்ன உயிர் சொன்ன எண்ணிக்கையில் இல்லை என்பதும் அதே கனடா ஆய்வாளர்கள் வெளியிட்டதுதான். தாய்க்குதிரை ஒன்றும் டப்பா வாங்குவதில்லை. குட்டி முதல் சில வாரங்களில் அம்மாவின் லத்தியைத் தின்று தன் குடியிருப்பை அமைத்துக்கொள்கிறது.

ஆகவே நண்பனிடம் லேபிளில் பார்க்கச் சொன்னவை சில்லறை விஷயங்கள்தான். "நன்மை தரும் பாக்டீரியா" என்று பொதுவாகப் போட்டிருந்தால் வேண்டாம். உயிரியின் முழுப்பெயரும் அதன் வகை எண்ணும் இருக்கவேண்டும். எண்ணிக்கை, தயாரித்த நாளில் இருந்ததா, காலாவதி நாள்வரை இருக்குமா என்று பார். 38 டிகிரி வெயிலில் தகர ஷெட்டில் வைக்கப்போகிற பொடிக்கு "குளிர்ந்த இடத்தில் வைக்கவும்" என்று எழுதியிருந்தால், மே மாதம் நீ கொடுப்பது செத்த ஈஸ்ட். 15 வகை உயிர் கலந்திருக்கிறது என்பது பெருமை இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் மருத்துவரைக் கூப்பிட்டு லத்தியில் புழு இருக்கிறதா என்று பார், பல்லைப் பார்க்கச் சொல்; பல் கோணலாகத் தேய்ந்த குதிரை புல்லை அரைக்காமல் விழுங்கும். கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். "அது ஒரு நாளைக்கு எத்தனை கிலோ புல் திங்குது?" அவனுக்குத் தெரியவில்லை. தானியம் எத்தனை கிராம் என்று மட்டும் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

வஸ்ஸாஃபுக்கும் தெரியவில்லை, போலோவுக்கும் தெரியவில்லை. வாற்கோதுமை, நெய், பால், கறி, பொன் என்று எல்லாம் பதிவாகியிருக்கிறது. விலை உள்ளவை அவை. புல் பதிவாகவில்லை.

நம் ஊர்க் குதிரை வரலாற்றில் புல்லைப் பார்க்கவேண்டுமென்றால் வெகுதூரம் தள்ளி வரவேண்டும். 1836 முதல் 1839 வரை சென்னை மாகாணத்தில் இருந்த ஜூலியா மெய்ட்லண்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி ஊருக்கு எழுதிய கடிதங்கள் 1843இல் புத்தகமாயின. க்ரூபியும் டெலஃபோனும் குடலுக்குள் எட்டிப்பார்த்த அதே வருடம். இங்கே வேலைக்காரர்கள் எத்தனை பேர் என்று கிண்டலாகக் கணக்குச் சொல்லும்போது, ஒவ்வொரு குதிரைக்கும் ஓர் ஆளும் ஒரு பணிப்பெண்ணும் உண்டு, அந்தப் பெண் குதிரைக்குப் புல் அறுக்கிறாள் என்கிறார். ஆடம்பரத்தைக் கேலி செய்யத்தான் அதை எழுதினார். குதிரைக்காரனும் புல்லுக்காரியும். அவன் கொள்ளை வேகவைப்பான். வேகவைப்பதும் சரியான வேலைதான். பச்சைக் கொள்ளில் புரதத்தைச் செரிக்க விடாமல் தடுக்கும் பொருள் ஒன்று இருக்கிறது, வெந்தால் போய்விடும். ஆனால் அந்த மிருகத்தின் பெருங்குடலை உயிரோடு வைத்திருந்தது அவள் வெயிலில் வரப்பு வரப்பாகத் தேடிக் கொண்டுவந்த புல்லுக்கட்டு.

அதன் எடை என்ன? 400 கிலோ எடையுள்ள ஓர் அரபுக் குதிரைக்கு அதன் எடையில் குறைந்தது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு, அதாவது 6 கிலோ, உலர்ந்த நார் வேண்டும். பச்சைப் புல்லில் முக்கால் பங்கு தண்ணீர். ஆகவே 24 கிலோ. தினமும், ஒரு குதிரைக்கு, ஒரு தலைச்சுமை. ஜமாலுதீன் அனுப்பிய 1,400 குதிரைகளுக்கு நாளொன்றுக்கு 33 டன்னுக்கு மேல், தேரிமணல் பறக்கும் ஒரு கரையில், ஐப்பசி மழைக்கு முந்தின காய்ந்த மாதங்களிலும். 1,400 பேர் புல் அறுக்கப் போயிருக்கவேண்டும். போனார்களா என்று சொல்லும் வரி வஸ்ஸாஃபிடம் ஒன்றுகூட இல்லை.